மரமேற ஆள் கிடைக்காதது ஏன்?

தென்னை வைத்திருக்கும் சிறு விவசாயிகள் இருவர் சந்தையில் சந்தித்தால் முன்பெல்லாம் மழையைப் பற்றியும் விலையைப் பற்றியும் பேசுவார்கள். இப்போது முதல் பேச்சே வேறு. "உங்க தோப்புக்கு யாருங்க ஏறுறது? அந்த ஆளை நம்ம பக்கமும் கொஞ்சம் அனுப்பி வையுங்க" என்பதுதான் அது. பொள்ளாச்சி, உடுமலை, பேராவூரணி, பட்டுக்கோட்டை, கம்பம் என்று தென்னை உள்ள ஊர் எதுவானாலும் இந்தக் குறை ஒன்றாகவே இருக்கிறது.

பெரிய தோப்புக்காரருக்கு இதனால் அவ்வளவு தொல்லை இல்லை. அவருடைய தோப்பைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரியே ஆட்களைக் கூட்டிவந்து பறித்துக்கொள்வார். வீட்டைச் சுற்றி இருபது மரம், வாய்க்கால் ஓரத்தில் முப்பது மரம் என்று வைத்திருக்கும் விவசாயிதான் வாரக்கணக்கில் காத்துக் கிடக்கிறார். 45 நாளுக்கு ஒரு முறை பறிக்க வேண்டிய மரம் 80, 90 நாள் வரை நிற்கிறது. முற்றிய காய் தானே விழுந்து களவு போகிறது. காய்ந்த மட்டையும் பாளையும் பன்னாடையும் கொண்டையிலேயே தங்கி, காண்டாமிருக வண்டுக்கு மறைவிடம் கொடுக்கின்றன. வண்டு குடைந்த வழியே சிவப்புக் கூன்வண்டு நுழைந்தால் மரமே போயிற்று.

ஆள் பற்றாக்குறைக்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. படித்த பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை, நூறு நாள் வேலைத் திட்டம் ஆட்களைச் சோம்பேறியாக்கிவிட்டது, திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஆட்களை இழுத்துக்கொண்டன என்பார்கள். இவற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதே ஊரில் கொத்தனாருக்கும் ஆழ்துளைக் கிணறு போடுவதற்கும் ஆள் கிடைக்கிறார்களே, எப்படி? தென்னை ஏறும் வேலையில் உயிருக்கு உள்ள ஆபத்துக்கும் வரும் கூலிக்கும் பொருத்தம் இல்லை. வேலையும் நிரந்தரம் இல்லை. விழுந்தால் கேட்பார் இல்லை. இதை விவசாயிகள் வெளிப்படையாகப் பேசித் தீர்க்காத வரையில் ஆள் தட்டுப்பாடு தீரப்போவதில்லை.

கூலிக் கணக்கு

ஏறுகூலி ஊருக்கு ஊர் மாறும். மரத்தின் உயரம், பறிப்பது தேங்காயா இளநீரா, மட்டை கழிப்பதும் சேர்ந்ததா என்பதைப் பொறுத்தும் மாறும். கணக்குக்காக மரம் ஒன்றுக்கு 25 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். பழகிய ஒருவர் நாள் ஒன்றுக்கு 40 மரம் ஏறினால் 1,000 ரூபாய். "நாளைக்கு ஆயிரம் ரூபாய் சம்பாதிக்கிறான், இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. அவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்ப்பதில்லை.

முதலாவது, அந்த ஆயிரம் ரூபாய்க்கு அவர் செய்யும் வேலை. ஒரு மரம் 12 மீட்டர் உயரம் என்றால் 40 மரத்துக்கு 480 மீட்டர் ஏற வேண்டும், 480 மீட்டர் இறங்க வேண்டும். திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். படிக்கட்டும் கைப்பிடியும் இல்லாமல், கால் தளையை மட்டும் நம்பி, ஏறக்குறைய ஆறு முறை மலைக்கோட்டையில் ஏறி இறங்குவதற்கு இது சமம். அதோடு ஒவ்வொரு முறையும் உச்சியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் குலை வெட்ட வேண்டும். இந்த வேலையை ஐம்பது வயதுக்கு மேல் செய்கிறவர் சிலரே. முழங்கால், கணுக்கால், தோள்பட்டை மூன்றும் அதற்குள் தேய்ந்துவிடுகின்றன. கொத்தனார் அறுபது வயதிலும் கரண்டி பிடிக்கலாம். மரமேறுகிறவர் தன் வாழ்நாள் சம்பாத்தியத்தை இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் சம்பாதித்தாக வேண்டும்.

இரண்டாவது, வேலை கிடைக்கும் நாட்கள். மழை நாளில் ஏற முடியாது. காய் குறைந்த பருவத்தில் யாரும் கூப்பிடுவதில்லை. இன்று கிழக்கே பத்து மரம், நாளை மேற்கே எட்டு மரம் என்று அலைந்தால் பாதி நாள் வழியிலேயே போய்விடும். மாதத்துக்குப் பதினைந்து முழு நாள் வேலை என்று கணக்கிட்டால் வருவது 15,000 ரூபாய்தான். வண்டிக்குப் பெட்ரோலும் அரிவாள், கயிறு செலவும் இதற்குள் அடக்கம்.

முன்பு பல ஊர்களில் ஏறுகூலியைப் பணமாகக் கொடுக்காமல் காயாகவே கொடுத்தார்கள். மரத்துக்கு ஒரு காய் என்பது பரவலான வழக்கம். இதைப் பழைய பண்ணை முறை என்று ஒதுக்கிவிட்டாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. தேங்காய் விலை ஏறினால் கூலியும் தானே ஏறியது. பணக் கூலி வந்த பிறகு அந்தத் தொடர்பு அறுந்துபோயிற்று. 2023ஆம் ஆண்டில் கொப்பரை விலை, குவிண்டாலுக்கு 10,860 ரூபாய் என்ற ஆதரவு விலைக்கும் கீழே விழுந்தது. "விலையே இல்லை, கூலியை எப்படி ஏற்றுவது?" என்று விவசாயிகள் கேட்டது நியாயமே. 2025இல் ஆதரவு விலை 11,582 ரூபாய். சந்தை விலையோ அதைத் தாண்டி வெகு தூரம் போயிற்று. அப்போது எத்தனை தோப்பில் ஏறுகூலி அந்த அளவுக்கு ஏறியது என்பதை ஒவ்வொருவரும் தம் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. காய் எண்ணும்போது லாபக்காய் என்ற பெயரில் வியாபாரி கூடுதலாக எடுத்துக்கொள்வதை வாய் திறக்காமல் பொறுத்துக்கொள்ளும் விவசாயிதான், ஏறுகிறவரிடம் மரத்துக்கு இரண்டு ரூபாய்க்காக அரை மணி நேரம் பேரம் பேசுகிறார்.

கூலியை மறுபடியும் காயோடு இணைப்பதே சரியான வழி. காயாகவே கொடுக்க வேண்டும் என்பதில்லை. உயரம் குறைந்த மரத்துக்கு ஒரு காயின் தோப்பு விலை, நடுத்தர மரத்துக்கு ஒன்றேகால் காயின் விலை, மிக உயர்ந்த மரத்துக்கு இரண்டு காயின் விலை என்று ஊருக்கு ஏற்ப நிர்ணயிக்கலாம். விலை விழும் காலத்தில் கூலியும் அடியோடு விழுந்துவிடாமல் இருக்கக் கீழ் வரம்பு ஒன்று தேவை. ஒரு நாள் ஏறினால் கிடைக்கும் தொகை அந்த ஊர்க் கொத்தனாரின் நாள் கூலிக்குக் குறையக்கூடாது என்பது நல்ல வரம்பு. எல்லா மரத்துக்கும் ஒரே கூலி என்ற இப்போதைய வழக்கத்தால் உயர்ந்த பழைய மரங்களைத்தான் ஆட்கள் தட்டிக் கழிக்கிறார்கள். சிறு விவசாயிகளிடம் இருப்பவை பெரும்பாலும் தாத்தா காலத்து மரங்கள் என்பதால் நஷ்டம் அவர்களுக்கே.

ஏறுகிறவர் செய்யும் மற்ற வேலைகளுக்குத் தனிக் கூலி பேசுவதும் அவசியம். கொண்டையைச் சுத்தம் செய்வதையும், கம்பிக் கொக்கியால் வண்டைக் குத்தி எடுப்பதையும், குருத்தழுகல் கண்டால் அழுகிய பகுதியைச் செதுக்கிப் போர்டோ பசை தடவுவதையும் "அப்படியே பார்த்துட்டு இறங்குப்பா" என்று இலவசமாக வாங்கும் பழக்கம் இருக்கிறது. இலவச வேலை அரைகுறையாகவே நடக்கும். காண்டாமிருக வண்டுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பரிந்துரை, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம், உச்சியில் உள்ள மூன்று உள்மட்டைகளின் அடியில் இடுவது. அல்லது மரத்துக்கு மூன்று அந்துருண்டைகளை 45 நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் வைப்பது. 45 நாள் என்பது பறிப்புக்கும் உரிய இடைவெளி. ஒரே ஏற்றத்தில் இரண்டு வேலையும் முடியும். அதற்கு மரத்துக்கு ஐந்தோ பத்தோ ரூபாய் கூட்டிக் கொடுத்தால், பிறகு மருந்துக்கடையில் கொட்டும் பணம் மிச்சமாகும். கீழே இருந்து அண்ணாந்து பார்க்கிறவருக்குக் கொண்டைக்குள் நடப்பது தெரியாது. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈயும், இப்போது ஆனைமலை வட்டாரத்தை வாட்டும் வேர் வாடல் நோயும் தென்னையை நெருக்கும் காலத்தில், 45 நாளுக்கு ஒரு முறை மரத்தின் தலையை நேரில் பார்க்கும் ஒரே மனிதர் அவர்தான்.

விழுவது எப்படி?

மரத்திலிருந்து விழுவதைத் தலைவிதி என்று சொல்லிவிடுவது எளிது. நடந்த விபத்துகளை விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் தடுத்திருக்கக் கூடிய காரணம் ஒன்று இருக்கும். தண்டில் ஏறும்போதைவிட, தண்டிலிருந்து கொண்டைக்கு மாறும் அந்த ஒரு நொடியில்தான் ஆபத்து அதிகம். பழுத்த மட்டையைப் பிடித்துவிட்டால் அது கையோடு கழன்று வரும். கொண்டை சுத்தமாக இருக்கும் மரத்தில் பச்சை மட்டையும் பழுத்த மட்டையும் தெளிவாகத் தெரியும். மாதக்கணக்கில் ஏறாத மரத்தில் அப்படித் தெரியாது. ஆகவே ஆள் கிடைக்காமல் ஆறு மாதம் விட்ட மரத்தை வழக்கமான கூலிக்கு ஏறச் சொல்வது நியாயமும் அல்ல, பத்திரமும் அல்ல.

ஐப்பசி, கார்த்திகையில் தண்டில் பாசி படியும். வழுக்கும் மரத்தில் "விசேஷத்துக்கு நூறு காய் வேணும், எப்படியாவது ஏறிடு" என்று வற்புறுத்துவது கூடாது. கதண்டும் குளவியும் கூடு கட்டியிருப்பதைத் தோப்புக்காரர் முன்பே பார்த்துச் சொல்ல வேண்டும். உச்சியில் நிற்கும்போது கொட்டினால் கையை விட்டுவிடத்தான் தோன்றும். கூன்வண்டு குடைந்த மரம், தஞ்சாவூர் வாடல் நோயில் அடித்தண்டு அழுகிய மரம், இடி விழுந்த மரம், 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துவிட்டுப் போய் இன்னும் சாய்ந்தே நிற்கும் மரம் ஆகியவற்றின் தண்டில் சிவப்புச் சாயத்தால் ஒரு வளையம் போட்டு, இதில் ஏற வேண்டாம் என்று அடையாளம் காட்டிவிடலாம். ஒரு டப்பா சாயத்தில் தோப்பு முழுவதற்கும் போடலாம்.

ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் படி வெட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இதனால் மரத்தில் நீர் தேங்கும், அழுகும், கூன்வண்டு முட்டையிட வழி ஏற்படும். அதைத் தடுப்பது சரிதான். ஆனால் படியை மட்டும் தடுத்துவிட்டு வேறு ஏற்பாடு எதுவும் செய்யாமல் விடுவது பாதி வேலை.

ஏறாமலே தொரட்டியால் பறிக்கும் முறை பொள்ளாச்சிப் பக்கம் நன்றாக வேரூன்றிவிட்டது. விழும் ஆபத்து இதில் இல்லை. கழுத்து வலியும் தலையில் காய் விழும் ஆபத்தும் உண்டு. கொண்டையைச் சுத்தம் செய்ய முடியாது. எல்லாவற்றிலும் கொடியது மின்கம்பி. மூங்கிலுக்குப் பதிலாக எடை குறைந்த அலுமினியக் குழாயைப் பயன்படுத்தும்போது குழாய் கம்பியைத் தொட்டால் கண் இமைப்பதற்குள் உயிர் போகும். கம்பியை ஒட்டிய மரங்களில் அலுமினியத் தொரட்டியை எடுக்கவே கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே அந்த மரங்களில் கை வைக்க வேண்டும்.

ஒருவர் விழுந்துவிட்டால் தோப்பில் நடக்கும் முதலுதவியே பல சமயம் அவரை முடமாக்கிவிடுகிறது. பதறிப்போய் அவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள். பிறகு இருசக்கர வண்டியில் இருவருக்கு நடுவே உட்காரவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் இந்த அசைவிலேயே தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விடலாம். விழுந்தவரை அசைக்காமல் படுத்தபடியே விட்டு, தலையும் கழுத்தும் திரும்பாமல் பிடித்துக்கொண்டு, 108 வண்டியை அழைக்க வேண்டும். தூக்கியே ஆக வேண்டும் என்றால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே சமயத்தில் தூக்கி, கதவுப் பலகை போன்ற தட்டையான பலகையில் படுக்கவைத்தே கொண்டுபோக வேண்டும். தண்டுவடம் பாதித்தவர்களுக்கு மறுவாழ்வுச் சிகிச்சை தரும் இடங்களும் நம் மாநிலத்தில் உண்டு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையம், தென்காசி அருகே ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் ஆகியவற்றைக் குறிப்பிடலாம். வீட்டுத் திண்ணையில் படுக்கப்போட்டு, படுக்கைப் புண் வந்து சாகவிடுவதற்கு முன் இவற்றை விசாரிப்பது நல்லது.

கருவி இருந்தும் பயன் குறைவது ஏன்?

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் உருவான மரமேறும் கருவியை இன்று பலரும் அறிவார்கள். இரண்டு சட்டங்கள், இரும்புக் கயிற்று வளையம், கால் வைக்கும் மிதி ஆகியவை கொண்டது. நின்றபடியே ஏறலாம். உட்கார்ந்து ஏறும் வகையும் உண்டு. இடுப்புப் பட்டையும் பாதுகாப்புக் கயிறும் சேர்த்துப் பயன்படுத்தினால் கை நழுவினாலும் கீழே விழாமல் தொங்கலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியைத் தொடங்கியபோது இந்தக் கருவியையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. ஆறு நாள் பயிற்சியில் ஏறுவதோடு கொண்டைச் சுத்தம், பூச்சி நோய் அடையாளம், இளங்காய் முதிர்காய் வேறுபாடு எல்லாம் கற்றுக்கொடுக்கப்பட்டன. முடிவில் கருவியும் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. பெண்கள் பலரும் பயிற்சி பெற்று இந்தத் தொழிலுக்கு வந்தார்கள்.

ஆனால் கருவியை வாங்கிய பலர் அதைப் பரணில் போட்டுவிட்டு மறுபடியும் தளையை மாட்டுகிறார்கள். இதற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தளை போட்டு ஏறுகிறவர் ஓரிரு நிமிடத்தில் உச்சிக்குப் போய்விடுவார். கருவியை ஒவ்வொரு மரத்திலும் மாட்டவும் கழற்றவும் நேரம் பிடிக்கும். மரத்துக்கு இவ்வளவு என்ற கூலி முறையில் பத்திரமாக ஏறுகிறவருக்கு மரம் குறைகிறது, அவசரமாக ஏறுகிறவருக்கு மரம் கூடுகிறது. ஆகவே கூலி முறையே அவரை ஆபத்தான வழிக்குத் தள்ளுகிறது. கருவியும் பட்டையும் போட்டு ஏறுகிறவருக்கு மரத்துக்கு மூன்று நான்கு ரூபாய் கூடுதல் என்று தோப்புக்காரர்களே அறிவித்தால் பரணில் கிடக்கும் கருவிகள் கீழே இறங்கும். அரசு இலவசமாகக் கொடுத்தும் நடக்காத காரியம் இது.

சாய்ந்த மரத்துக்கும் தண்டு கோணலான மரத்துக்கும் கருவி ஒத்துவராது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அத்தகைய மரங்களுக்குத் தொரட்டியே மேல்.

இருபது ஏக்கருக்கு ஒருவர்

கூலியை உயர்த்தச் சொல்வது எளிது, கொடுப்பது யார் என்று விவசாயி கேட்பார். இதற்கும் கணக்கிலேயே வழி இருக்கிறது. ஏக்கருக்கு 70 மரம். இருபது விவசாயிகள், ஆளுக்கு ஓர் ஏக்கர், ஒரே ஊரில் இருந்தால் 1,400 மரம். நாளுக்கு 40 மரம் வீதம் ஒருவர் ஏறி முடிக்க 35 நாள். 45 நாள் சுற்றில் மீதி பத்து நாளில் ஞாயிற்றுக்கிழமைகளும் மழை நாட்களும் விசேஷ நாட்களும் அடங்கிவிடும். ஆக, இருபது ஏக்கர் சிறு விவசாயிகள் சேர்ந்தால் ஒருவருக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. ஆண்டுக்கு எட்டுச் சுற்று, 11,200 மரம். அதே 25 ரூபாய்க் கூலியிலேயே ஆண்டுக்கு 2,80,000 ரூபாய், மாதம் 23,000 ரூபாய்க்கு மேல் வரும். அலைந்து திரிந்து வாங்கும் 15,000 எங்கே, இது எங்கே! மரத்துக்குக் கூலி ஒரு ரூபாய்கூட ஏறாமலே அவருடைய வருமானம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அதற்கு மேல் உயர்ந்த மரத்துக்கும் கொண்டைச் சுத்தத்துக்கும் கூட்டிக் கொடுப்பது விவசாயிக்குப் பாரமாக இராது.

விவசாயியின் பக்கத்தில் பார்த்தால், ஏக்கருக்கு 70 மரம், எட்டுச் சுற்று, 25 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 14,000 ரூபாய் ஏறுகூலி. மரத்துக்கு 80 காய் என்றால் 5,600 காய். காய் 20 ரூபாய் என்று வைத்தால் 1,12,000 ரூபாய். எட்டில் ஒரு பங்கு ஏறுகூலிக்குப் போகிறது. சிறிய தொகை அல்ல. ஆனால் காலத்தில் பறிக்காமல் உதிர்ந்தும் களவுபோயும் வண்டு தின்றும் போவதை யாரும் கணக்கெழுதுவதில்லை. அதையும் எழுதிப் பார்த்தால் பயம் குறையும்.

இதற்குப் பெரிய அமைப்பு எதுவும் வேண்டாம். தென்னை உற்பத்தியாளர் சங்கம் உள்ள ஊரில் அதன் மூலமே செய்யலாம். இல்லாத ஊரில் இருபது பேர் கூடி ஒரு நோட்டுப் போட்டால் போதும். எந்தத் தோப்பு எந்தத் தேதி என்று சுற்று முறை எழுதிவைக்க வேண்டும். பங்காளிச் சண்டையால் முதல் தோப்பு யாருடையது என்பதில் தகராறு வரத்தான் செய்யும். சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாம். அன்றன்று ஏறிய மரத்துக்கு அன்றே கூலி கொடுக்க வேண்டும். "காய் வித்ததும் தர்றேன்" என்று சொன்ன தோப்புக்கு அடுத்த சுற்றில் ஆள் வராமல் போனால் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. ஏறும் நாளில் கீழே ஒருவர் துணைக்கு நிற்பதும், குடிக்கத் தண்ணீர் வைப்பதும், பதினொரு மணி வெயிலுக்குப் பிறகு ஓய்வு கொடுப்பதும் தோப்புக்காரர் பொறுப்பு.

பேச்சு முறையும் மாற வேண்டும். வயதில் மூத்தவரையும் வா, போ என்று கூப்பிடுவதும், தொழிலைச் சாதியோடு ஒட்டவைத்துப் பேசுவதும் இன்றும் பல ஊர்களில் நிற்கவில்லை. பம்பு செட்டு பழுது பார்க்க வருகிறவரை "வாங்க" என்று அழைத்து நாற்காலி போடும் வீட்டில், மரமேற வருகிறவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். தம் மகன் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம் என்று அவர்கள் நினைப்பதற்குக் கூலி மட்டுமே காரணம் அல்ல.

பனை ஏறுகிறவர்களின் நிலை இன்னும் கடினம். பதநீர்ப் பருவத்தில் ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். பாளை சீவாமல் ஒரு நாள் விட்டால் ஊறுவது நின்றுபோகும் என்பதால் காய்ச்சல் வந்தாலும் ஏறுவார்கள். அவர்களுக்குப் பனைமரத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்து அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். பனங்காடு வைத்திருக்கும் விவசாயி தம் மரங்களில் ஏறுகிறவரிடம் அட்டை இருக்கிறதா என்று கேட்பது வீண் தலையீடு ஆகாது.

காப்பீடு

தென்னை ஏறுகிறவர்களுக்காகத் தென்னை வளர்ச்சி வாரியம் 'கேர சுரக்‌ஷா' என்ற விபத்துக் காப்பீட்டை நடத்துகிறது. 18 வயது முதல் 65 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். உயிரிழப்புக்கும் நிரந்தர முடக்கத்துக்கும் தரும் தொகை சில ஆண்டுகளுக்கு முன் 5 லட்சம் ரூபாயாக இருந்தது. மருத்துவமனைச் செலவுக்கும் தனித் தொகை உண்டு. பிரீமியத்தில் பெரும் பகுதியை வாரியமே கட்டிவிடுகிறது. தொழிலாளி கட்ட வேண்டியது சிறு பங்குதான். அந்தப் பங்கை இருபது விவசாயிகள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு தேங்காய் விலைகூட ஆகாது. இருந்தும் ஏறுகிறவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

விண்ணப்பத்தை வாரியத்தின் அலுவலகத்திலோ வேளாண்மைத் துறை அலுவலர் மூலமாகவோ கேட்டு வாங்கலாம். வயதுக்குச் சான்றும், இவர் தென்னை ஏறும் தொழில் செய்கிறவர் என்ற சான்றொப்பமும் வேண்டும். ஆதார் அட்டையில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் இழப்பீடு வாங்கும்போது குடும்பம் அலைய நேரிடும். வாரிசு என்ற இடத்தில் மனைவியின் பெயரைத் தெளிவாக எழுத வேண்டும். காப்பீட்டுத் தாளின் நகல் ஒன்று தொழிலாளி வீட்டிலும், இன்னொன்று சுற்று நோட்டு வைத்திருக்கும் விவசாயியிடமும் இருக்கட்டும். காப்பீடு ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். முடியும் தேதியை அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்து, ஒரு மாதத்துக்கு முன் புதுப்பித்துவிட வேண்டும்.